முயல், தவளை, புழு

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற மாதம் மழைநாள் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில், ‘மாலை வரை வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன்’ என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்தது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியில் அதே மூன்று நான்கு விளையாட்டுகளைத்தான் ஆடினார்கள். வேறு எதையாவது சொன்னால், “அது யாருக்குத் தெரியும்?” என்பார்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த, ஆனால் யாரும் பேசாத விளையாட்டுகள் எவை? அவை ஏன் கவனிக்கப்படாமல் போகின்றன? எனக்கு ‘வெண்பா’ என்ற வீடியோ கேமைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோ, இதெல்லாம் நேரத்துக்குப் பிடித்த கேடு என்கிறார்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ‘வெண்பா’வைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், இட்லியில் தொடங்கும் சமையல், அம்மாவின் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை நாமே ஊகித்து நிரப்பும் வேலை என்று எல்லாமே எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 2023இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருதை வாங்கிவிட்டது. கழுத்தில் மாலையோடு நிற்பவரைக் காட்டி ‘ஐயோ பாவம், யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கணக்கில் முதலிடம் ‘விப்-ரிப்பன்’. ‘பராப்பா தி ராப்பர்’ விளையாட்டைச் செய்த மசாயா மட்சுராவின் குழு 1999இல் பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கருவிக்காகச் செய்தது. கறுப்புத் திரை. அதில் நடுங்குகிற ஒரு வெள்ளைக் கோடு. கோட்டின்மேல் கோடுகளாலேயே ஆன ஒரு முயல் நடந்துபோகும். பள்ளம், வளையம், கட்டை, அலை என நான்கு வகைத் தடைகள், அவற்றுக்கு நான்கு பொத்தான்கள். தடைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வந்தால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். தவறிக்கொண்டே இருந்தால் முயல் தவளையாகும், பிறகு புழுவாகும், பிறகு ஆட்டம் முடிந்துவிடும்.

இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். முழு விளையாட்டும் அந்தக் கருவியின் 2 மெகாபைட் நினைவகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் விளையாட்டு வட்டை வெளியே எடுத்துவிட்டு, வீட்டிலிருக்கும் எந்தப் பாட்டு வட்டையும் உள்ளே போடலாம். அந்தப் பாட்டைக் கேட்டு, அதற்கேற்றபடி பாதையை அதுவே வரைந்துவிடும்.

நான் 2001இல் ஒரு பழைய பொருள் கடையில் ஜப்பானிய வட்டாக அதை வாங்கினேன். உறையில் இருந்த ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. முயல் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சிராங்கூன் சாலையில் வாங்கிய திரைப்பாடல் வட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். வயலின் மட்டும் ஒலிக்கிற முன்னிசையில் கோடு ஏறத்தாழ நேராகக் கிடந்தது. முயல் உலாப் போனது. தபேலா நுழைந்ததும் கட்டைகள் முளைத்தன. நூறு தடவை கேட்ட பாட்டுக்குள் இத்தனை மேடுபள்ளம் இருக்கிறது என்று என் காதுக்கு அதுவரை தெரியாது.

அப்பா அப்போது துறைமுகத்தில் மாற்றுநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்குபவர். என் விளையாட்டுச் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு நாள் அவருடைய நாகசுவர வட்டைக் கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டேன். ஆலாபனை வரைக்கும் முயல் பிழைத்திருந்தது. தவில் தொடங்கியதுதான் தாமதம், பாதை முள்வேலியாகிவிட்டது. கால் நிமிடத்தில் தவளை, அரை நிமிடத்தில் புழு. சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்த அப்பா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தாளத்தை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாய். தொடையில் தட்டிக்கொண்டே ஆடு” என்றார். அன்று அவர் தூங்கவே இல்லை.

இந்த விளையாட்டு ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்ததோடு சரி. அமெரிக்காவுக்கு 2014இல்தான் போனது, அதுவும் தரவிறக்கமாக. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே, 2012இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு முதன்முதலாக எடுத்துக்கொண்ட 14 விளையாட்டுகளில் இதுவும் ஒன்றாக இருந்தது. அருங்காட்சியகம் வாங்கியும் உங்கள் முகாம் நண்பர்களுக்குத் தெரியவில்லை, பாருங்கள்.

அடுத்தது ‘தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்’. 1997இல் வந்தது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வைப் படைத்த ஜோர்டன் மெக்னர் செய்தது. மூன்று வட்டுகள். 1914 ஜூலையில், முதல் உலகப் போருக்குச் சில நாள்களே இருக்கும்போது, பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டினோப்பிளுக்குப் போகும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில். நடிகர்களைப் படம்பிடித்து, அதன்மேல் ஓவியம்போல வரைந்து எடுத்திருக்கிறார்கள்.

இதில் ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது. கடிகாரம் நிஜ நேரத்தைவிட ஆறு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் உணவுப் பெட்டியில் உட்கார்ந்து ஜெர்மன் வியாபாரியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அதே வேளையில் வேறொரு பெட்டியில் ரஷ்ய முதியவர் பேசுவது உங்களுக்கு இல்லை. தவறவிட்டால் கடிகாரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி இன்னொரு முறை வாழலாம்.

ஓரிடத்தில் ஆஸ்திரியப் பெண் ஒருவர் வயலின் வாசிப்பார். செசார் ஃபிராங்கின் சொனாட்டா. எல்லாரும் கச்சேரியில் இருக்கும்போது நாம் நழுவிப்போய் ஒரு காரியத்தை முடிக்க வேண்டும். நான் முதல் தடவை எழுந்திருக்கவே இல்லை. கச்சேரி முடிந்தது, என் காரியமும் கெட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது மொழி. பயணிகள் அவரவர் மொழியில்தான் பேசுகிறார்கள். நாயகனுக்குத் தெரிந்த மொழியென்றால் திரையின் அடியில் மொழிபெயர்ப்பு வரும். தெரியாத மொழிக்கு ஒன்றும் வராது. குரலையும் முகத்தையும் வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். வெளிநாட்டு விமரிசகர்கள் இதைப் பெரிய புதுமை என்று எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் ரயிலில் புகிஸில் ஏறித் தெம்பனிஸில் இறங்குவதற்குள் எத்தனை மொழிகள் நம் தலைக்குமேல் போகின்றன! எதிர் இருக்கையில் இரண்டு பாட்டிமார் ஹொக்கியன் என்ற சீன மொழியில் யாரையோ கரித்துக்கொட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரியும், யாரை என்று தெரியாது. இருபது ஆண்டுகளாக அந்த ரயிலில்தான் போய்வருகிறேன்.

அது தோற்றதற்குக் காரணம் கொடுமையானது. வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அதை வெளியிட்ட பிராடர்பண்ட் நிறுவனத்தின் சந்தைப்படுத்தும் பிரிவினர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். விளம்பரம் என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. பிளேஸ்டேஷனுக்கு வரவிருந்த வடிவமும் கைவிடப்பட்டது.

இடையில் ஒரு வார்த்தை. அதை நான் விளையாடிய கணினியில் இருந்தது சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டை. அந்த வரிசையில் முதல் அட்டை 1989இல் நம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்திலிருந்து போனது. உலகமெங்கும் ஊமையாகப் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த கணினிகளுக்கு வாய் வைத்த ஊர் இது. 2023 ஜனவரியில் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சிம் வோங் ஹூ மறைந்த அன்று அந்தப் பழைய அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துவைத்தேன்.

ஏன் கவனிக்கப்படாமல் போகின்றன என்று கேட்டீர்கள். பிராடர்பண்ட் கதைபோன்ற விபத்துகள் பாதிக் காரணம். மீதி அந்த விளையாட்டுகளிலேயே இருக்கிறது. அரை நிமிட விளம்பரத்தில் விப்-ரிப்பனைக் காட்டினால் நாலைந்து வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். என் அப்பாவின் தவிலை அதில் எப்படிக் காட்டுவது? இந்த வகை விளையாட்டுகள் பாதியைச் செய்துவிட்டு, மீதியை உன் வீட்டிலிருந்து கொண்டுவா என்கின்றன. கொண்டுவராதவருக்கு வெறும் கோடு, வெறும் ரயில்.

உங்கள் தலைமுறையில் செய்யப்பட்டது ஒன்று வேண்டுமென்றால், 2022இல் இங்கேயே உருவான ‘சைனாடவுன் டிடெக்டிவ் ஏஜென்சி’யை எடுத்துப் பாருங்கள். 2037ஆம் ஆண்டுச் சிங்கப்பூர், ஒரு பெண் துப்பறிவாளர். பல புதிர்களுக்கான விடை விளையாட்டுக்குள் இருக்காது. வெளியே வந்து இணையத்தில் நாமே தேட வேண்டும். வசனம் சில இடங்களில் நீளம். பொறுத்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் வாதாடாதீர்கள். அவர் பிடித்துக் கேட்கும் பாட்டு வட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பழைய பிளேஸ்டேஷனும் விப்-ரிப்பனும் கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். கிடைக்கவில்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், என்னுடையது இன்னும் ஓடுகிறது. அப்பாவின் நாகசுவர வட்டும் இருக்கிறது. தொடையில் தட்டிக்கொண்டு ஆடியும், அதில் தனியாவர்த்தனம் முடியும்போது நான் இன்றுவரை தவளையாகத்தான் இருந்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா