கோசாக்கும் கசாக்கும்

அன்புள்ள சார்,

ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் குதிரைமேல் வரும் கோசாக்குகளைப் படித்து வளர்ந்தவன் நான். சமீபத்தில் ஒரு காணொளியில், கஜகஸ்தானின் கசாக்கியரும் இந்தக் கோசாக்குகளும் ஒரே இனம்தான், பாதிப்பேர் கிறிஸ்தவத்துக்கும் பாதிப்பேர் இஸ்லாமுக்கும் போய்ப் பிரிந்துவிட்டார்கள் என்றார்கள். 'கசாக்' என்றால் வெள்ளை வாத்து என்று வேறு சொன்னார்கள். இதெல்லாம் உண்மையா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

பெயர் ஒன்றுதான், இனம் ஒன்றல்ல. மதம் மாறிப் பிரிந்த கதையெல்லாம் சும்மா.

கசாக் என்பது துருக்கியச் சொல். ஆரம்பத்தில் அது எந்த இனத்துக்கும் பெயரில்லை. தலைவனையும் கூட்டத்தையும் விட்டு விலகி, யாருக்கும் கட்டுப்படாமல் புல்வெளியில் திரிபவன், தேவைப்பட்டால் கொள்ளையடித்தும் பிழைப்பவன், அவன்தான் கசாக். அரசகுமாரர்களுக்கும் அந்த நிலை வரும். சமர்கந்தைப் பிடிப்பதும் இழப்பதுமாக, கையில் நாடில்லாமல் கொஞ்சம் ஆட்களோடு பாபர் அலைந்தாரே, அந்த மாதிரி வாழ்க்கைக்கு 'கசாக்லிக்' என்று பெயர். அவருடைய நினைவுக்குறிப்புகளிலேயே இந்தச் சொல் வருகிறது. அதற்காக பாபரைக் கசாக்கியர் என்று யாரும் சொல்வதில்லை.

1460களில் கெரேய், ஜானிபேக் என்ற இரண்டு சுல்தான்கள் உஸ்பெக் கான் அபுல் கைரோடு ஒத்துப்போகாமல், தங்கள் ஆட்களையும் மந்தைகளையும் ஓட்டிக்கொண்டு கிழக்கே சூ நதிப் பக்கம் போய்விட்டார்கள். இப்படிப் போனவர்களை 'உஸ்பெக்-கசாக்' என்று அழைத்ததாக மிர்சா ஹைதர் எழுதியிருக்கிறார் (இவர் பாபருக்குச் சித்தி மகன், பிற்பாடு காஷ்மீரை ஆண்டவர்). ஓடிப்போன உஸ்பெக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலப்போக்கில் முன்பாதி உதிர்ந்துபோய் பின்பாதி மட்டும் நின்றுவிட்டது. இவர்கள் பிரிந்து போகும்போதே முஸ்லிம்கள்தான்.

மேற்கே, தினீப்பர், தோன் நதிப் பக்கத்துப் புல்வெளிகளில் துருக்கிய மொழி பேசும் தாதார் இனக் கசாக்குகள் ஏற்கெனவே திரிந்துகொண்டிருந்தார்கள். பண்ணையாரிடமிருந்து தப்பி ஓடிவந்த ஸ்லாவிய விவசாயிகளும் அங்கே வந்து சேர்ந்து அதே பிழைப்பைப் பிடித்துக்கொண்டார்கள், பிழைப்போடு பெயரும் ஒட்டிக்கொண்டது. உக்ரைனியத்தில் கொஸாக், ரஷ்யனில் கஸாக்.

சிக்கல் எப்போது வந்தது என்றால், ரஷ்யப் பேரரசு கிழக்கே நகர்ந்தபோது. யாயிக் நதியோரம் (இங்கிருந்த கோசாக்குகளைத் திரட்டிப் புகச்சோவ் என்பவர் பேரரசுக்கு எதிராக நடத்திய கலகத்துக்குப் பிறகு, அந்த ஞாபகமே இருக்கக்கூடாது என்று 1775இல் இதற்கு உரால் என்று பெயர் மாற்றினார்கள்) எல்லையைக் காத்தவர்களும் கோசாக்குகள், எதிரே மேய்ச்சலில் இருந்தவர்களும் கசாக்குகள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? கசாக்கியரைத் தூக்கி, பக்கத்து இனத்தின் பெயரான 'கிர்கிஸ்' என்று எழுதிவிட்டார்கள்! சரி, அப்போது உண்மையான கிர்கிஸ்கள், அதாவது இன்றைய கிர்கிஸ்தான்காரர்கள்? அவர்களுக்குக் 'காரா-கிர்கிஸ்', அதாவது கருப்புக் கிர்கிஸ். 1920இல் சோவியத் அரசு அமைத்த கசாக்கியர் குடியரசுக்கும் கிர்கிஸ் என்றுதான் பெயர் இருந்தது. 1925இல்தான் அதைத் திருத்தினார்கள். அப்புறம் மறுபடியும் கோசாக்கோடு குழப்பம் வரக்கூடாதென்று 1936இல் ரஷ்ய எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்தை மட்டும் 'க்' என்பதிலிருந்து 'ஹ்' மாதிரி ஒலிக்கும் எழுத்தாக மாற்றினார்கள். இன்று உலகம் இவர்களை எழுதும் விதம் பெரும்பாலும் அந்த ஆணையிலிருந்து வந்ததுதான். அவர்கள் மொழியில் அன்றும் இன்றும் 'க்' தான்.

வெள்ளை வாத்துக் கதை கசாக்கியரே சொல்வதுதான். பாலைவெளியில் சாகக் கிடந்த ஒரு வீரனை வெள்ளை வாத்து ஒன்று காப்பாற்றிப் பெண்ணாக மாறியதாம். நல்ல கதை, எனக்குப் பிடிக்கும். ஆனால் 'காஸ்' என்றால் வாத்து, 'அக்' என்றால் வெள்ளை. துருக்கிய மொழிகளில் நம்மைப் போலவே நிறம் முன்னால் வரும். வாத்திலிருந்து வந்த பெயர் என்றால் அவர்கள் 'அக்காஸ்' ஆகியிருக்க வேண்டும்.