ஜூரி சம்மன் வந்தால் சம்பளம் வருமா?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். எனக்குப் போன வருடம் சிட்டிசன்ஷிப் கிடைத்தது; இப்போது கவுன்டி கோர்ட்டிலிருந்து ஜூரி ட்யூட்டிக்கு (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார) சம்மன் வந்திருக்கிறது. ஒரு கன்சல்டிங் கம்பெனி மூலம் வங்கி ஒன்றில் ஐடி வேலை. போனால் சம்பளத்தில் பிடிப்பார்களா, லீவு போட வேண்டுமா? கிரீன் கார்டில் இருக்கும் மனைவிக்கும் அதே சம்மன் வந்திருக்கிறது. அவர் ஒரு கடையில் மணிக்கூலிக்கு வேலை பார்க்கிறார். போதாக்குறைக்கு, அவர் கண்ணால் பார்த்த கார் விபத்து வழக்கில் சாட்சி சொல்ல வரச்சொல்லி ஒரு வக்கீலும் போன் செய்கிறார்.

பதில்: முதலில் உங்கள் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளமா, மணிக்கணக்கா? பணம் வருமா என்பது அதைப் பொறுத்துத்தான்.

ஜூரிக்குப் போகிறவருக்குத் தனியார் கம்பெனி சம்பளம் தந்தாக வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இல்லை. டெக்சஸ் சட்டத்திலும் இல்லை. ஆனால் ஓவர்டைம் விதியிலிருந்து விலக்கு பெற்ற, 'எக்ஸெம்ப்ட்' எனப்படும் சம்பள ஊழியர்களுக்கு மத்தியத் தொழிலாளர் விதி ஒரு பாதுகாப்பு தருகிறது: ஜூரி ட்யூட்டிக்காகவோ சாட்சி சொல்வதற்காகவோ வராத நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. கோர்ட் கொடுத்த படியை மட்டும் அந்த வாரச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். திங்கள், செவ்வாய் கோர்ட், புதன் முதல் ஆபீஸ் என்றால் அந்த வாரத்துக்கு முழுச் சம்பளம் உண்டு. வாரம் முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை என்றால் அந்த வாரத்துக்குத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கு இரண்டு மூன்று வாரம் இழுக்கும்போது பலரும் இதில்தான் அடி வாங்குகிறார்கள்.

உங்களைப் போல கன்சல்டிங் கம்பெனி வழியாக வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்காரர்களை மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாமல் கொடுத்து, மணிக்கணக்கிலேயே 'எக்ஸெம்ப்ட்' என்று வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்படிப்பட்டவருக்கு மேலே சொன்ன சம்பளப் பாதுகாப்பு கிடையாது. டைம்ஷீட்டில் மணி ஏறாவிட்டால் காசும் ஏறாது. ஆஃபர் லெட்டரில் 'எக்ஸெம்ப்ட்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் வருடச் சம்பளம் எழுதியிருக்கிறதா, மணி ரேட்டா என்று பாருங்கள்.

மணி ரேட் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கம்பெனியின் எம்ப்ளாயி ஹேண்ட்புக். சட்டம் கேட்காவிட்டாலும் மூன்று நாள், ஐந்து நாள் ஜூரி லீவு தரும் கம்பெனிகள் நிறைய. அதில் மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை நாள், கோர்ட் படியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, பாதி நாளில் விட்டுவிட்டால் ஆபீஸுக்கு வர வேண்டுமா. கேட்க வேண்டியது கன்சல்டிங் கம்பெனியின் ஹெச்ஆரிடம், வங்கி மேனேஜரிடம் அல்ல. மேனேஜருக்குத் தகவல் சொன்னால் போதும்.

கோர்ட் தரும் படியை நம்பி வீட்டுக் கணக்குப் போட முடியாது. டெக்சஸ் மாநிலக் கோர்ட்டுகளில் முதல் நாளுக்கு 20 டாலர், அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் 58 டாலர். 2023-க்கு முன் இது 6, 40 என்று இருந்தது. சம்மன் ஃபெடரல் கோர்ட்டிலிருந்து வந்திருந்தால் நாளுக்கு 50 டாலர், போக வரச் செலவு தனி. டெக்சஸில் முதல் நாளே கையில் ஒரு நன்கொடைப் படிவமும் தருவார்கள். படிக்காமல் டிக் அடித்தால் அந்த 20 டாலரும் ஏதாவது ஒரு நிதிக்குப் போய்விடும்.

நீங்கள் மாசசூசெட்ஸில் இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. அங்கே முதல் மூன்று நாள் வழக்கமான கூலியைக் கம்பெனிதான் தர வேண்டும், பார்ட் டைம்காரருக்கும் சேர்த்து. கனெக்டிகட்டில் முழுநேர ஊழியருக்கு ஐந்து நாள். வர்ஜீனியாவில் சம்பளம் கட்டாயமில்லை. ஆனால் சொந்த லீவைப் போடச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. போக வர ஆன நேரமும் சேர்த்து நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஜூரிக்காகச் செலவிட்டவரை, அன்று மாலை 5 மணிக்குப் பிறகோ மறுநாள் விடியற்காலை 3 மணிக்கு முன்போ தொடங்கும் ஷிப்டுக்குக் கூப்பிடவும் கூடாது. இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு உபயோகமான விதி.

சம்பளம் எப்படியோ, வேலை பத்திரம். ஜூரிக்குப் போனதற்காக நிரந்தர ஊழியரை டெக்சஸில் வேலையை விட்டு எடுத்தாலோ மிரட்டினாலோ அது குற்றம். எடுத்தால், ஒரு வருடச் சம்பளத்துக்குக் குறையாமல் ஐந்து வருடச் சம்பளம் வரை நஷ்டஈடு கேட்கலாம். இந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: கோர்ட் விடுவித்ததும், முடிந்த சீக்கிரத்தில், வேலைக்குத் திரும்புகிறேன் என்று கம்பெனிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கோர்ட் வாசலிலிருந்தே ஒரு மெயில் தட்டிவிடுங்கள். வாய்வார்த்தை பிறகு நிற்காது. கிளம்புவதற்கு முன் கிளார்க்கிடம் ஆஜர் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். சம்மன் நகல் நீங்கள் அழைக்கப்பட்டதற்குத்தான் சாட்சி, போனதற்கு அல்ல.

தேதி ஒத்துவராவிட்டால் போகாமல் இருந்துவிடாதீர்கள். 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம் விழலாம். தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டால், ஆறு மாதத்துக்குள் வேறு தேதி தர வழி இருக்கிறது. சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரம், ஊர்ப் பயணம் போன்றவற்றுக்கு இதுவே போதும்.

இனி உங்கள் மனைவி. டிரைவிங் லைசன்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் சிட்டிசன் அல்லாதவர்களுக்கும் சம்மன் வருவது சகஜம். அவர் ஜூரியில் உட்கார முடியாது. படிவத்தில் 'அமெரிக்கக் குடிமகன் அல்ல' என்ற இடத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். குடிமகன் என்று தவறிக்கூடக் குறிக்கக் கூடாது. பின்னால் சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் அது பெரிய வினையாக வந்து நிற்கும். இப்படி விலக்கு கேட்டவர்களின் பெயர் டெக்சஸில் வாக்காளர் பதிவு அதிகாரிக்குப் போகும். வாக்காளராகப் பதியாதவருக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. லைசன்ஸ் எடுத்தபோது தெரியாமல் பதிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், படிவத்தை அனுப்புவதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

சாட்சி விஷயத்தில் குடியுரிமை ஒரு பொருட்டே இல்லை; எந்த விசாவில் இருந்தாலும் கோர்ட் கூப்பிடலாம். ஆனால் வக்கீலின் போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சப்பீனா, அதாவது கோர்ட்டில் ஆஜராகச் சொல்லும் சட்டப்படியான ஆணை, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முறையான சப்பீனாவுக்குக் கட்டுப்பட்டுப் போன ஊழியரைத் தண்டிக்கவோ வேலையை விட்டு எடுக்கவோ கூடாது என்று டெக்சஸ் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. தானாகப் போய்ச் சாட்சி சொன்னவருக்கு அந்தக் கவசம் இல்லை. மணிக்கூலி என்பதால் அன்றைய கூலி அவருக்கு வராது. சப்பீனாவோடு சேர்த்தே 10 டாலர் சாட்சிப் படி தர வேண்டும், அவ்வளவுதான். ஷிப்ட் போடும் சூப்பர்வைசரிடம் சப்பீனா வந்த அன்றே நகலைக் கொடுத்துவிட்டால், அந்த நாளை வேறொரு நாளோடு மாற்றிக்கொள்ள முடியும். பணத்தைக் காப்பாற்ற அதுதான் நடைமுறை வழி. இதெல்லாம் அடுத்தவர் வழக்கில் சாட்சியாகப் போகும்போதுதான். நாமே வழக்காடும் நாளுக்குச் சொந்த லீவுதான்.

கடைசியாக, டேக்ஸ். ஜூரி படி வருமானக் கணக்கில் சேரும்: வருமான வரிப் படிவமான ஃபார்ம் 1040-இன் ஷெட்யூல் 1-இல், 8ஹெச் என்ற லைனில். முழுச் சம்பளம் தந்த கம்பெனிக்கு அந்தப் படியைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அதே ஷெட்யூலில் 24ஏ லைனில் கழித்துக்கொள்ளலாம். அதற்குக் கம்பெனியிடம் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.