பச்சைக் கோழிக் கழுத்தும் பேரனின் கையும்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். எங்கள் லாப்ரடோருக்கு மூன்று வயது. எலும்பு நீக்கிய கோழியும் சோறும் அவித்துக் கொடுத்து வந்தோம். கனடாவில் இருக்கும் மச்சான், "நாய் ஓநாயின் வம்சம், அவிக்காமல் குடுங்கோ, மயிர் பளபளக்கும்" என்கிறார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு கிலோ கோழிக் கழுத்து வாங்கி பிறீசரில் வைத்திருக்கிறோம். வீட்டில் தவழும் பேரனும் நீரிழிவுக்கார மாமியும் உண்டு. தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். முதற்காரணம் உங்கள் பேரன்.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற கிருமிகள் இருப்பது சர்வசாதாரணம். வளர்ந்த நாய் அவற்றை விழுங்கிவிட்டு ஒன்றும் நடவாததுபோலத் திரியும். மலத்திலோ கிருமி போய்க்கொண்டிருக்கும். அந்த நாய் தன் பின்பக்கத்தை நக்கும், பிறகு பேரனின் கையை நக்கும். அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். சிறு பிள்ளைக்கும் நீரிழிவுள்ள முதியவருக்கும் இந்தத் தொற்று வயிற்றோட்டத்தோடு நிற்காமல் இரத்தத்தில் இறங்கக்கூடும். பிறீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். சில ஒட்டுண்ணிகள் சாகும். பக்டீரியா பெரும்பாலும் உறங்கும், அவ்வளவுதான். கொழும்பு வெக்கையில், குசினி மேசையில் இறைச்சி இளகும்போது எழுந்துவிடும்.

மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். 1993இல் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் பரப்பிய யோசனை இது. 2007இல் வட அமெரிக்காவில் மெலமைன் என்ற இரசாயனம் கலந்த தீனியால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தபின், கடைத்தீனிமீது பலருக்கு நம்பிக்கை போனது. அந்தப் பயம் நியாயமானது. ஓநாய்க் கதைதான் இடிக்கிறது. மாப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள், நாய்களிடம் 4 முதல் 30 வரை என்று 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் சோற்றுக்கு நாய் எப்போதோ பழகிவிட்டது. மயிரின் பளபளப்பும் பெரும்பாலும் கொழுப்பின் வேலை. அவித்த சாளை மீனிலும் அது கிடைக்கும். மீனையும் பச்சையாகக் கொடுக்காதீர்கள், சிலவகை மீனிலுள்ள நொதி விற்றமின் பி1ஐ அழித்துவிடும்.

உங்கள் பழைய சாப்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகச் சொற்பம். கழுவி, காயவைத்து, மாவாக அரைத்த முட்டையோட்டுத் தூள் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு; அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி சேருங்கள். பூசணி, கரட், போஞ்சி அவித்துப் போடலாம். கிழமைக்கு ஒருதரம் சிறுதுண்டு ஈரல் போதும். கூடினால் விற்றமின் ஏ நஞ்சாகும். வெங்காயம், உள்ளி சேர்ந்த கறிக்குழம்பு வேண்டவே வேண்டாம். துத்தநாகம் போன்ற மற்றக் குறைகளுக்கு எந்தச் சத்துமாத்திரை என்பதை, நாயின் எடையைப் பார்த்து உங்கள் வைத்தியர் சொல்லட்டும். இது வளர்ந்த நாய்க்கான கணக்கு. குட்டிக்கு இதைப் பின்பற்றினால் எலும்பு கோணும்.

பிறீசரில் உள்ள கழுத்துகளை எறியத் தேவையில்லை. தோலை உரித்துவிட்டு, எலும்பு விரலால் நசுங்கும்வரை பிரஷர் குக்கரில் அவியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். அரைகுறையாக அவிந்த எலும்பு பச்சை எலும்பைவிட மோசம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். எல்லாம் நன்றாக மசிந்திருந்தால் சோற்றோடு பிசைந்து வையுங்கள். எலும்பிலேயே கல்சியம் இருப்பதால், அன்றைக்கு முட்டையோட்டுத் தூள் போட வேண்டாம்.