ஆறிய இடத்திலேயே சொரியாசிஸ் மறுபடி வருவது ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், முழங்கையில் இருந்த சொரியாசிஸ் போன வருடம் சுத்தமாக மறைந்தது. இப்போது அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே அளவில் வந்திருக்கிறது. அங்கேயே ஏன்?

பதில்: தோல் ஆறிவிட்டது, உள்ளே குடியேறியவை இன்னும் காலி செய்யவில்லை. நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ரத்த வெள்ளணுக்களான டி செல்களில் ஒரு வகை, தோலுக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் ரத்தத்துக்குத் திரும்பாது. வருடக்கணக்கில் அங்கேயே தங்கும். பழைய கிருமியை நினைவில் வைத்து, அது மறுபடி வந்தால் உடனே தாக்குவதற்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. சொரியாசிஸில் அந்த நினைவே தப்பாகப் பதிந்துவிடுகிறது. இந்த செல்கள் ஐஎல்-17 என்ற புரதத்தைச் சுரக்க, மேல்தோல் தாறுமாறான வேகத்தில் வளர்ந்து செதிலாக உதிர்கிறது. ஆறிய தோலிலும் இந்த செல்களைக் கண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

பதில்: தெரியாது. நம் தோலில் மட்டும் சுமார் 2,000 கோடி டி செல்கள் உண்டு. ரத்தத்தில் ஓடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2004-இல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். சொரியாசிஸ் உள்ளவர்களின் உடலில், பார்வைக்கு நன்றாக இருந்த தோலை எடுத்து, எதிர்ப்பு சக்தி குன்றிய எலிகளுக்கு ஒட்டினார்கள். நோயாளியின் ரத்த செல் எதையும் செலுத்தவில்லை. அப்படியும் அந்தத் தோலில் சொரியாசிஸ் வந்தது. தோலுக்குள் இருந்த டி செல்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

கேள்வி: கத்திரிக்காய், கருவாடு சாப்பிட்டதால்தான் திரும்பியது என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

பதில்: திரும்பியது உங்கள் தவறு இல்லை. முதலில் அதை மனதில் வையுங்கள். தொண்டைப்புண், தோலில் காயம், மன அழுத்தம், லித்தியம் போன்ற சில மருந்துகள், இவை நோயைக் கிளப்பிவிடும். குடியும் புகையும் கூட. கத்திரிக்காய் மேல் பழி வேண்டாம்.

கேள்வி: ஊசி போட்டு முழுக்கச் சரியாகிவிட்டால், நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். செக்குகினுமாப் என்ற ஊசி மருந்து ஐஎல்-17-ஐத் தடுக்கிறது. அதைச் சுரக்கும் செல்கள் தோலில் எஞ்சியிருக்கலாம். ஐஎல்-23 என்ற இன்னொரு புரதத்தைத் தடுக்கும் குசெல்குமாப் ஊசி, தோலில் இந்த செல்களின் எண்ணிக்கையையும் குறைப்பதாக ஆய்வுகளில் தெரிகிறது. எதுவானாலும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அப்புறம், யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் திடீரென விடக்கூடாது. உடல் முழுக்கச் சீழ்க்கொப்புளம் கிளம்பும் ஆபத்து உண்டு.

கேள்வி: வெண்புள்ளியிலும் இதே கதைதானா?

பதில்: ஆமாம். அங்கே நினைவு செல்கள் குறிவைப்பது நிறமி செல்களை. நிறம் திரும்பிய இடம், சிகிச்சையை விட்டதும் மறுபடி வெளுப்பது இதனால்தான்.