பியூட்டிரேட் கலந்தால் கோழியின் ஜீன் மாறிவிடுமா?

கேள்வி: 300 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். குஞ்சுத் தீவனத்தில் கலக்கச் சொல்லித் தீவனக் கடைக்காரர் பியூட்டிரேட் என்று ஒரு பவுடர் கொடுத்தார். கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாறுகிறது. "குடலில் ஜீனையே வேலை செய்ய வைக்கும்" என்கிறார். அப்படியென்றால் இது ஜீனை மாற்றிய கோழி ஆகிவிடாதா? சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். காறல் வாடை வருகிற வெண்ணெயில் இருப்பதும் இதே பியூட்டிரிக் அமிலம்தான், உங்கள் மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது!

உங்கள் கோழிகளே இதைத் தயாரிக்கின்றன. அடுத்த முறை கோழி அறுக்கும்போது சிறுகுடல் முடிகிற இடத்தைப் பாருங்கள். ஒரு முனை மூடிய இரண்டு நீளக் குழாய்கள் இருக்கும். அதுதான் குருட்டுக்குடல். செரிக்காத நார் அங்கே போனதும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆக்குகின்றன. நமக்கும் அப்படித்தான், நம் பெருங்குடல் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான்.

சரி, ஜீன் விஷயம். செல்லுக்குள் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் சுற்றிக் கிடக்கிறது. சுற்று இறுகினால் அந்த ஜீனை வாசிக்க முடியாது. அப்படி இறுகச் செய்யும் நொதியைப் பியூட்டிரேட் தடுக்கிறது. 1970களிலேயே கண்டுபிடித்த சங்கதி இது. சுற்று தளர்ந்ததும் சில ஜீன்கள் சுறுசுறுப்பாகும், சில அடங்கும். கோழிச் செல்களில் கிருமியைக் கொல்லும் டிஃபென்சின் புரதங்களுக்கான ஜீன்கள் இப்படித் தூண்டப்படுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் ஜோடித்துச் சொல்லியிருக்கிறார்.

முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்து வந்த குஞ்சின் குடலில் பாக்டீரியாக்கள் இன்னும் சரியாகக் குடியேறியிருக்காது. அதனால் முதல் சில வாரங்களுக்கு இந்தப் பவுடர் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் மேற்பூச்சு இல்லாத ரகம் இரைப்பையைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். பூச்சுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அளவு பையில் போட்டிருக்கும், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். வளர்ந்த கோழிக்கு நான் பவுடரைச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கோதுமைத் தவிடும் கீரையும் போதும்.

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். பவுடரை நம்பி நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், சாக்லேட் நிறத்தில் பசைபோல இடையிடையே விழுவது குருட்டுக்குடல் காலியாகும் எச்சம். அதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து வாங்கிவிடாதீர்கள்.