போக்குக் காட்டும் கால்கள்

ஆடுகளம் பகுதிக்கு வந்த கூடைப்பந்துக் கேள்விகளுக்கு, கும்பகோணத்தில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் வில்ட் சேம்பர்லின் 1961–62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50 புள்ளி எடுத்தவர். ஆனால் போன இதழில், ‘ஒரு சென்டர் (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடுகிற உயரமான வீரர்) ஆடிய மிகச் சிறந்த பருவம் 1993–94-இல் ஹக்கீம் ஒலாஜுவான் ஆடியதுதான்’ என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய 27 புள்ளி எப்படி 50-ஐ விடப் பெரிதாகும், சார்?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: சேம்பர்லினைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது, தம்பி. அந்தப் பருவத்தில் அவர் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட் (விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிப்பது). ஆட்டமே 48 நிமிடம்தான், அவர் களத்தில் நின்றதோ சராசரியாக 48.5 நிமிடம். கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களையும் சேர்த்தால் அப்படி வருகிறது. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஹெர்ஷி என்ற ஊரில், நியூயார்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கிற தடுப்பில்லாத வீச்சான ஃப்ரீ த்ரோவில் வழக்கமாகத் தடுமாறுகிறவர், அன்றைக்கு 32-க்கு 28 போட்டார். இதை இனி ஒருவர் தொடுவார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கோடு வேறு சிலதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போது ஆட்டம் ஒரே ஓட்டமும் வீச்சுமாக இருந்தது. சேம்பர்லின் மட்டும் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 முறை ஷூட் செய்தார். அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருது அவருக்கு வரவில்லை, பாஸ்டனின் பில் ரஸ்ஸலுக்குப் போனது. கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் அதே பாஸ்டனிடம் 107–109 என்று இரண்டே புள்ளியில் அவர் அணி தோற்றது. இன்னொன்று, பிளாக் கணக்கை என்.பி.ஏ. 1973–74-இல்தான் எழுத ஆரம்பித்தது. எனவே சேம்பர்லின் எத்தனை பந்தைத் தட்டிவிட்டார் என்பதற்கு ஏடு இல்லை. அது அவருக்கு நேர்ந்த நஷ்டம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒலாஜுவான். 80 ஆட்டத்தில் சராசரி 27.3 புள்ளி, 11.9 ரீபவுண்ட், 3.7 பிளாக். புள்ளிப் பட்டியலில்கூட அவர் முதலிடம் இல்லை. டேவிட் ராபின்சனும் ஷகீல் ஓனீலும் அவருக்கு முன்னால் இருந்தார்கள். ஆனால் பருவத்தின் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதையும் ஒரே பருவத்தில் வாங்கியவர் என்.பி.ஏ. வரலாற்றில் அவர் ஒருவர்தான். அந்த மூன்றோடு கோப்பையும் வந்தது. அவர் ஆடிய ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு அதுதான் முதல் கோப்பை.

நான் அதைப் பார்த்தது 1995 பொங்கல் விடுமுறையில். சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் அத்தான் இறுதித் தொடரின் கடைசி இரண்டு ஆட்டத்தை வீடியோ கேசட்டில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தெருவில் ஒரு வீட்டில் மட்டும்தான் டெக் இருந்தது. மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம், பள்ளி அணிப் பையன்கள் ஒன்பது பேரோடு அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஆறாவது ஆட்டம். ஏழு ஆட்டத் தொடரில் நியூயார்க் 3–2 என்று முன்னால். ஹூஸ்டன் 86, நியூயார்க் 84. சில விநாடிதான் பாக்கி. மூன்று புள்ளி ஒன்று விழுந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. பந்து ஜான் ஸ்டார்க்ஸ் கையில். அன்று அவருக்குக் கை நன்றாக வந்துகொண்டிருந்தது, 27 புள்ளி எடுத்திருந்தார். நியூயார்க்கின் சென்டர் பேட்ரிக் யூயிங் வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது ஸ்டார்க்ஸைத் தடுக்கிறவரை உடம்பால் மறிக்கிறார். அந்த இடத்தில் வேறு எந்த சென்டராக இருந்தாலும் ரிங் பக்கமாகப் பின்வாங்கி நிற்பார். ஒலாஜுவான் தன் ஆளான யூயிங்கை விட்டுவிட்டு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஒரு கார்டை, அதாவது வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகிறவரை, துரத்திக்கொண்டு வருகிறார். ஸ்டார்க்ஸ் எம்புகிறார். ஒலாஜுவானின் விரல் நுனி பந்தில் படுகிறது. அவ்வளவுதான், பந்து ரிங்கை எட்டவே இல்லை.

அதை எத்தனை முறை பின்னால் ஓட்டிப் பார்த்தோம் என்று கணக்கில்லை. டேப் தேய்ந்துவிடும் என்று வீட்டுக்காரர் சத்தம் போடும்வரை பார்த்தோம். பையன்கள் எல்லாரும் கையைப் பார்த்தார்கள். நான் நாலாவது முறையிலிருந்து காலை மட்டும் பார்த்தேன். யூயிங்கை விட்டு விலகும்போது முதல் அடி சின்னது, இரண்டாவது அடி நீளம். எம்புவதற்கு முன் இரண்டு காலும் ஸ்டார்க்ஸ் போகிற பக்கமாகவே திரும்பி நின்றிருந்தன. ஏழடி ஆள் ஒருவர் அந்த இடத்தில் அப்படிக் கால் மாற்றுவதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

ஏழாவது ஆட்டத்தில் 90–84. ஒலாஜுவான் 25 புள்ளி, 10 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்). தொடர் முழுக்க அவர் சராசரி 26.9, யூயிங் 18.9. யூயிங்கும் லேசுப்பட்டவர் இல்லை, அந்தத் தொடரில் மட்டும் 30 பிளாக் செய்தார். 1984-இல் கல்லூரி இறுதியில் இதே யூயிங்கின் ஜார்ஜ்டவுன் அணியிடம் ஒலாஜுவானின் ஹூஸ்டன் அணி தோற்றிருக்கிறது. பத்து வருடம் கழித்து அதே ஆள் எதிரே நிற்க, இவர் ஜெயித்தார்.

அந்த வருடம் மைக்கேல் ஜோர்டான் பேஸ்பால் ஆடப் போய்விட்டார், அதனால்தான் இவருக்குக் கோப்பை கிடைத்தது என்று சிலர் சொல்வார்கள். நீங்களும் அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள் என்று தெரியும். ஜோர்டான் இல்லாதது உண்மைதான். ஆனால் சார்லஸ் பார்க்லி ஆடிய ஃபீனிக்ஸ் அணி இருந்தது. அந்த அணியோடு ஆடிய தொடரில் முதல் இரண்டு ஆட்டத்தையும் சொந்த ஊரில், பெரிய முன்னிலை இருந்தும், கோட்டைவிட்டு, ஊர்ப் பத்திரிகையிடமே கேலி வாங்கி, அதன் பிறகு 4–3 என்று மீண்டு வந்த அணி ஹூஸ்டன்.

50 புள்ளி எடுக்கிறவர் எதிராளியின் ஒரு கூடையைத்தான் நிரப்புகிறார். தன் கூடையைக் காக்கிற வேலையையும் அதே அளவுக்குச் செய்தாரா என்று நான் பார்ப்பேன். 1993–94-இல் ஒலாஜுவான் இரண்டையும் கடைசி விநாடிவரை செய்ததற்குப் பதிவு இருக்கிறது. என் முடிவு அதை வைத்துத்தான், தம்பி. உங்கள் முடிவு வேறாக இருந்தால் எழுதுங்கள், மறுபடி பேசுவோம்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 5 அடி 9 அங்குலம். பள்ளி அணியில் சென்டர் என்று சேர்த்திருக்கிறார்கள். ‘ரிங்குக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும்’ என்கிறார்களாம். பந்து வந்தால் உடனே கார்டிடம் கொடுத்துவிட வேண்டுமாம். வீட்டுக்கு வந்து அழுகிறாள். என்ன செய்வது?
– ஒரு தாய், பாபநாசம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதே வார்த்தையை நானே ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

1988-இல் அரசலாற்றங்கரை கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்தான். பதினொன்றாம் வகுப்பிலேயே 6 அடி 2 அங்குலம். ‘நீ கையைத் தூக்கிக்கிட்டு நில்லுடா, மத்ததை மத்தவன் பாத்துக்குவான்’ என்றேன். இரண்டு வருடம் அப்படியே நின்றான். ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடித்துப் போடுவான், நாங்களும் ஜெயித்தோம். அப்புறம் அவனை ஒரு தேர்வுக்கு அனுப்பினேன். அங்கே பந்தைக் கையில் கொடுத்து, முதுகைக் காட்டி நின்று திரும்பிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் திரும்பத் தெரியவில்லை. மூன்று முறையும் ஸ்டெப்ஸ், அதாவது பந்தோடு கால் தப்பு. திரும்பி வந்தவன் அதன் பிறகு பந்தைத் தொடவே இல்லை. அவனுக்குக் கால் சொல்லிக் கொடுக்காதது என் தவறு. அந்த கேசட்டைப் பார்த்த ராத்திரி எனக்கு அவன் நினைப்புதான்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் தொடங்குவேன். பாபநாசத்தைச் சுற்றி நடவு நடக்கும்போது அவளை வரப்பில் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். நாற்று நடுகிற பெண்களின் கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பார்க்கச் சொல்லுங்கள். குனிந்தபடியே பின்னால் பின்னால் போகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கால் முதலில் சேற்றைத் தடவுகிறது, பிடிமானம் கிடைத்த பிறகுதான் உடம்பின் எடை அதில் இறங்குகிறது.

ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்கிற சென்டருக்கும் அதே வேலைதான். பின்னால் நிற்கிற ஆளை இடுப்பால் உணர வேண்டும். அவள் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறாளா, வலது பக்கமா? சாயாத பக்கம் வழி திறந்திருக்கும். அந்தப் பக்கத்துக் காலைப் பின்னால் நீளமாக எடுத்து, எதிராளியின் காலுக்கு வெளியே ஊன்றித் திரும்ப வேண்டும். இதற்கு டிராப் ஸ்டெப் என்று பெயர். இது கைவந்தால் அடுத்தது தோளால் ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் திரும்புவது. அதற்கும் மேலே, எம்புவதுபோல் காட்டி, எதிராளி எம்பிய பிறகு அவள் கைக்கு அடியில் நுழைந்து போடுவது. இதையெல்லாம் ஒரே மூச்சில் கோத்து ஒலாஜுவான் ஆடியதைத்தான் ‘ட்ரீம் ஷேக்’ என்றார்கள். நம் ஊர்க் கபடிக்காரர்கள் கோட்டைத் தாண்டிப் போய்த் தினமும் செய்கிற வேலைதான், கையில் பந்து இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஸ்டெப்ஸ் பற்றி பயம் இருக்கும். பந்தைப் பிடித்து ஒரு காலை ஊன்றிவிட்டால் அதுதான் பிவட். போடும்போதோ பாஸ் கொடுக்கும்போதோ அந்தக் காலைத் தூக்கலாம், அது மறுபடி தரையில் படும் முன் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். பந்தைத் தரையில் தட்டி டிரிபிள் செய்வதாக இருந்தால் கால் எழும் முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு வரியை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விசில் தவறாக அடிக்கப்பட்டாலும் தன் கால் சரி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பள்ளியில் சண்டைக்குப் போக வேண்டாம். காலையில் இருபது நிமிடம், பந்தே இல்லாமல், வாசலில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுப் பயிற்சி செய்யட்டும். இடது பக்கம் ஐம்பது, வலது பக்கம் ஐம்பது. நாலு மாதம் கழித்து ஒரு நாள், பந்தைக் கார்டிடம் கொடுக்காமல் அவள் திரும்பிப் போடட்டும். விழுந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். விழாவிட்டாலும் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கட்டாயம் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ரமலான் மாதத்தில் எங்கள் கிளப் மேட்ச் வருகிறது. நோன்பு வைத்துக்கொண்டு ஆடலாமா?
– வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: ஒலாஜுவான் நோன்பு வைத்துக்கொண்டுதான் ஆடினார். 1995-இல் ரமலான் பிப்ரவரி மாதத்தில் வந்தது. அந்த மாதத்தின் சிறந்த வீரர் விருதையும் அவர்தான் வாங்கினார். ஆனால் அவர் ஆடியது குளிரூட்டிய அரங்கில், பெரும்பாலும் இரவில். உங்களுக்கு வெயில் கோர்ட். அதனால் மேட்சை இஃப்தாருக்குப் பிறகு, விளக்கு வெளிச்சத்தில் வைக்க முடியுமா என்று நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். பகலில் கடும் பயிற்சி வேண்டாம். விடியலுக்கு முந்தைய ஸஹரில் தண்ணீரை ஒரே மடக்காகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள், அணி காத்திருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. இப்போதுதான் கூடைப்பந்து ஆடத் தோன்றுகிறது. லேட்டா? அதோடு அறுவடை நேரத்தில் எங்கள் ஊர் கோர்ட்டில் நெல் காயப் போட்டுவிடுகிறார்கள். எங்கே ஆடுவது?
– மாணவன், திருத்துறைப்பூண்டி

பதில்: ஒலாஜுவான் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் கால்பந்தில் கோல் கீப்பராக நின்றவர், ஹேண்ட்பால் ஆடியவர். பதின்ம வயதில் பாதி போன பிறகுதான் கூடைப்பந்தைத் தொட்டார். கோல் கீப்பருக்கு இருக்கிற பக்கவாட்டுக் கால்தான் பின்னால் அவருக்குச் சோறு போட்டது. நீ இதுவரை என்ன ஆடினாய் என்று எழுதவில்லையே? கபடியோ கால்பந்தோ ஆடியிருந்தால் அந்தக் கால் உன்னிடம் இருக்கும்.

நெல்லைக் குறை சொல்லாதே, அது சோறு. எங்கள் கோர்ட்டிலும் தை மாசியில் பாதி இடத்தில் நெல் கிடக்கும். சாயங்காலம் கூட்டி அள்ளிய பிறகும் சிமெண்ட் விரிசலில் மணிகள் தங்கிவிடும். கேன்வாஸ் ஷூவுக்கு அடியில் உருளும். அந்தத் தரையில் பையன்கள் பாதம் முழுக்க ஊன்றி, முட்டியை மடக்கி, மெதுவாகத் திரும்பப் பழகினார்கள். நெல்லுக்காரர் மூடை கட்டி முடித்ததும் நீயே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போ. ஒரு ரிங்கைச் சுற்றி மட்டும் கூட்டு, அது போதும்.