‘கண்டுக்காதே தம்பி’ என்கிற கம்பெனியில் மகன்

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் ஐயா, உங்கள் பயம் நியாயமானது. முதல் வேலை, கல்விக் கடன் வேறு பாக்கி. அதனால் “நமக்கேன் வம்பு, வந்தோமா போனோமான்னு இரு” என்று மகனிடம் சொல்லிவிட்டீர்கள். அவனோ “இங்கே எல்லாருமே ஆமாம்சாமி” என்று புலம்புகிறான்.

ஆமாம்சாமி, ஜால்ரா, ஒத்து ஊதுகிறவர் எல்லாம் எந்த ஆபீஸிலும் உண்டு. எரிச்சல்தான், ஆனால் அவர்களால் உங்கள் மகனுக்கு நஷ்டமில்லை. அளக்கிற கேஜ் ரிப்பேரானால் “கண்டுக்காதே, நேத்து ரீடிங்கையே போட்டுடு” என்று சீனியர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ஆபத்து. அளக்காத அளவுக்குக் கீழே இருக்கப்போவது அவன் கையெழுத்து. நாளை ஆடிட்டில் மாட்டினால் சீனியர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

எழுதி வைத்ததை நம்பித் தொழில் நடத்துவது உங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் முதலாளி செட்டிநாட்டில், கடை ரங்கூனில். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஆட்கள். அங்கிருந்து வரும் ஐந்தொகையை, அதாவது வரவு-செலவு, சொத்து-கடன் கணக்கை நம்பித்தான் இங்கே தொழில் ஓடியது.

அதற்காக மீட்டிங்கில் எழுந்து சண்டை போடச் சொல்லவில்லை. சூப்பர்வைசரிடம் தனியாக, கேள்வியாகவே கேட்கட்டும்: “சார், கேஜ் ரிப்பேர். இன்னிக்கு ரீடிங் எடுக்கலன்னே ரெஜிஸ்டர்ல எழுதிடட்டுமா?” அன்றைக்கே இரண்டு வரியில் ஒரு மெயில். யார் மீதும் குற்றம் சொல்லாமல், தேதியும் மெஷின் நம்பரும் மட்டும்.

எழுதி வைப்பது ஏன்? 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி 7 பேர் இறந்தார்கள். குளிரில் ராக்கெட் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் சரியாக அடைக்காது என்று முந்தைய இரவே பொறியாளர்கள் தடுத்தும் நிர்வாகம் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி 1985 ஜூலையிலேயே எச்சரித்து எழுதிய கடிதம் விசாரணையில் வெளியே வந்தது. ‘யாரும் சொல்லவே இல்லை’ என்று யாராலும் மழுப்ப முடியவில்லை.

கம்பெனி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் 2013 கம்பெனிச் சட்டப்படி புகார் சொல்ல தனி வழி இருந்தாக வேண்டும். சூப்பர்வைசர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் அப்புறம் அங்கே போகலாம். ஓரங்கட்ட மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது. பயோடேட்டா தயாராக இருக்கட்டும்.

இந்த ஞாயிறு போனில் “அனுசரிச்சுப் போ” என்று ஆரம்பிக்காதீர்கள். எதில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.